உப்புக்காற்றும் சிலிக்கனும்

மட்டக்களப்பு நகரிலிருந்து கல்முனை வீதியில் தெற்கே கல்லடியையும் காத்தான்குடியையும் கடந்தபின் வரும் ஆரையம்பதி, கிழக்கே வங்கக் கடலுக்கும் மேற்கே மட்டக்களப்பு வாவிக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்பரப்பில் அமைந்த ஊராதலால், அங்கு பாவனையில் உள்ள மின்சாதனம் எதுவாயினும், அது எந்த நாட்டுத் தொழிற்சாலையில் செய்யப்பட்டதாயினும், ஈரத்தையும் உப்பையும் தாங்கியே தன் ஆயுளைக் கழிக்க வேண்டியுள்ளது. கூரைமீது பொருத்திய சோலார் பனல், அதன் மின்னை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வேர்ட்டர், விறாந்தையில் எரியும் எல்.ஈ.டி. குமிழ், சட்டைப்பையில் கிடக்கும் கைப்பேசி ஆகிய யாவற்றின் உள்ளும் இருப்பவை ஒரே இனத்தைச் சேர்ந்த சிறு பொருட்களே. இப்பொருட்களை ஆக்குவதையும், அவை ஏன் கெடுகின்றன என்று ஆராய்வதையும், அந்த அறிவை அடுத்த தலைமுறைக்குக் கைமாற்றுவதையும் தொழிலாகக் கொண்ட பொறியியலாளர் ஏழு பத்தாண்டுகளுக்கு மேலாக ஒரு சங்கமாகக் கூடிச் செயற்பட்டு வருகின்றனர் என்பது, அப்பொருட்களை நாள்தோறும் கையாள்வோருள் மிகச் சிலரே அறிந்த செய்தி.

ஐ.ஈ.ஈ.ஈ. என்று சுருக்கி வழங்கப்படும் மின், இலத்திரனியல் பொறியியலாளர் நிறுவகத்தின் உறுப்பாக இயங்கும் இலத்திரன் சாதனங்கள் சங்கமே அது. வெற்றிடத்திலோ திண்மப் பொருளிலோ இலத்திரன்களின் ஓட்டத்தை விரும்பியவாறு தடுத்தும் விடுத்தும் பெருக்கியும் பயன்கொள்ளும் பொருள் எதுவோ அதுவே இலத்திரன் சாதனம். ஒரு திசையில் மட்டும் மின்னோட்டத்தை அனுமதிக்கும் இருவாயி, வாவிக்கு மேற்கேயுள்ள படுவான்கரை வயல்களில் மதகைத் திருப்பும் ஒரு கை வாய்க்கால் நீர் முழுவதையும் ஆள்வதுபோலச் சிறு மின்குறியால் பெரு மின்னோட்டத்தை ஆளும் திரான்சிற்றர், ஒளியை மின்னாக்கும் சூரியக்கலம், மின்னை ஒளியாக்கும் எல்.ஈ.டி., வெப்பத்தையும் வாயுவையும் உணரும் உணரிகள் ஆகியன அதன் வகைகள். தொலைக்காட்சிப் பெட்டியையோ கணினியையோ முழுமையாக வடிவமைப்போருக்கு வேறு சங்கங்கள் உண்டு. அவற்றின் உள்ளே கிடக்கும் அணுவளவான உறுப்பின் பௌதிகமே இச்சங்கத்தின் எல்லை.

ஒரு சங்கம் உருவான வழி

அமெரிக்காவில் 1912இல் தோன்றிய வானொலிப் பொறியியலாளர் நிறுவகம், இரண்டாம் உலகப் போருக்குப்பின் தன் உறுப்பினரின் துறைகள் பலவாகப் பிரிந்து சென்றமையால், ஒவ்வொரு துறைக்கும் ஒரு தொழில்வாண்மைக் குழுவை அமைத்தபோது, 1952இல் இலத்திரன் சாதனங்களுக்கான குழுவும் பிறந்தது. பெல் ஆய்வகத்தில் பார்டீன், பிரற்றெய்ன் ஆகியோர் 1947 டிசெம்பரில் திரான்சிற்றரை இயக்கிக் காட்டி ஐந்து ஆண்டுகூட நிறையாத காலம் அது. குழுவில் இருந்தோரிற் பலர் இன்னமும் கண்ணாடிக் குழாய்க்குள் இழை எரியும் வெற்றிடக் குழாய்களின் நிபுணர்களாகவே இருந்தனர். 1963இல் அந்த நிறுவகமும் அதனினும் மூத்ததான மின் பொறியியலாளர் நிறுவகமும் ஒன்றிணைந்து ஐ.ஈ.ஈ.ஈ. ஆனபின், குழு அதனுள் தொடர்ந்து, 1976இல் சங்கம் என்ற தகுதியை அடைந்தது. பெயர்மாற்றங்களின் விவரம் வாசகருக்கு அத்துணை முக்கியமன்று. வெற்றிடக் குழாய்க்காரர் தம் துறையையே வழக்கொழிக்க வந்த திரான்சிற்றரைத் தம் கூட்டத்திலேயே வரவேற்று இடமளித்தனர் என்பதே இவ்வரலாற்றில் நின்று நோக்கத்தக்கது. பல தொழிற்சங்கங்களும் குலத்தொழிற் குழுக்களும் செய்யத் தவறிய காரியம் அது.

சங்கத்தின் செயற்பாடுகளுள் உலகு நன்கறிந்தது ஆண்டுதோறும் டிசெம்பரில் கூடும் சர்வதேச இலத்திரன் சாதனக் கூட்டமாகும். 1955இல் வாஷிங்டனில் தொடங்கி, பிற்காலத்தில் சான் பிரான்சிஸ்கோவுக்கு இடம்பெயர்ந்த இக்கூட்டத்தில், ஒரு புதிய சாதனத்தை ஆக்கியவர் அதன் அளவீடுகளைச் சக பொறியியலாளர் முன் வைத்து அவர்தம் கேள்விகளுக்கு முகங்கொடுக்க வேண்டும். ஒரு சில்லில் அடங்கும் உறுப்புகளின் தொகை ஆண்டுக்கொருமுறை இரட்டிக்கும் என்று 1965இல் கூறியிருந்த கோர்டன் மூர், அக்கணிப்பை இரண்டு ஆண்டுக்கொருமுறை என்று திருத்திக் கூறியது 1975ஆம் ஆண்டுக் கூட்டத்திலேயே. மின் நிறுத்தப்பட்ட பின்னும் தரவை மறவாத ஃபிளாஷ் நினைவகத்தை யப்பானியரான ஃபுஜியோ மசுவோக்கா 1984இல் அறிவித்ததும் அங்கேயே. இன்று ஒவ்வொரு கைப்பேசியிலும் படங்களைச் சேமித்து வைப்பது அதன் வழித்தோன்றலான மற்றொரு வகை நினைவகமாகும். இச்சங்கத்தின் ஆதரவுடன் இன்றும் நடைபெறும் சாதன ஆய்வு மாநாட்டில், 1960ஆம் ஆண்டு, அத்தாலாவும் காங்கும் ஒட்சைட்டுப் படலத்தால் பிரிக்கப்பட்ட வாயிலைக் கொண்ட திரான்சிற்றரை முன்வைத்தனர். இன்றைய கணினிகளின் சில்லுகள் யாவும் அவ்வகையையே அடிப்படையாகக் கொண்டவை.

ஆரையம்பதியின் கூரைகளுக்கு மிக நெருங்கிய தொடர்புடைய அறிவிப்பு 1982ஆம் ஆண்டுக் கூட்டத்தில் வெளிவந்தது. சென்னையில் பிறந்து, சென்னை ஐ.ஐ.டி.யில் 1969இல் பட்டம்பெற்று, அமெரிக்காவின் ஜெனரல் இலெக்ற்றிக் நிறுவனத்தில் பணியாற்றிய ஜயந்த் பாலிகா, பெரு வோல்ற்றளவையும் பெரு மின்னோட்டத்தையும் தாங்கக்கூடிய, ஆயினும் மிகச் சிறு குறியால் இயக்கக்கூடிய ஓர் ஆளியைத் தம் சகாக்களுடன் அக்கூட்டத்தில் விளக்கினார். பின்னர் ஐ.ஜி.பி.ரி. என்று பெயர்பெற்ற அச்சாதனம், அதுவரை தனித்தனியே நின்ற இரு வகைத் திரான்சிற்றர்களின் நற்குணங்களை ஒரே சிலிக்கன் துண்டில் சேர்த்தது: ஒன்று சிறு குறிக்கு இணங்குவது, மற்றது பெரு மின்னோட்டத்தைக் குறைந்த இழப்புடன் சுமப்பது. பனல் தருவது நேரோட்டம், அதாவது ஒரே திசையில் ஓடும் மின். வீட்டுக்கு வேண்டியதோ விநாடிக்கு 100 தடவை திசைமாறும் 230 வோல்ற்று ஆடலோட்டம். முன்னதைப் பின்னதாக்கும்பொருட்டு இன்வேர்ட்டருக்குள் விநாடிக்கு ஆயிரக்கணக்கான தடவை திறந்து மூடும் ஆளிகளாகப் பல வகைகளில் இந்த ஐ.ஜி.பி.ரி.யே தொழிற்படுகின்றது. இலங்கையில் 2016இல் ‘சூரிய பல சங்கிராமய’ என்ற பெயரில் கூரைச் சூரியமின் திட்டம் தொடங்கியபின் வீடுகளுக்கும், வாவிக்கு அப்பால் வவுணதீவில் எழுந்த 10 மெகாவாற்று நிலையத்துக்கும் இன்வேர்ட்டர்கள் வந்து சேர்ந்த நீண்ட வழியில் அந்த ஒரு டிசெம்பர் அமர்வும் ஒரு கட்டமாகும். பாலிகாவுக்கு ஐ.ஈ.ஈ.ஈ. தன் மிகவுயர்ந்த கௌரவப் பதக்கத்தை 2014இலும், பின்லாந்து தன் மிலேனியம் தொழினுட்பப் பரிசை 2024இலும் வழங்கின.

கெடுவதன் பௌதிகம்

மேற்கூறிய சாதனைகள் செய்தித்தாள்களில் இடம்பெறும். ஆனால் ஆரையம்பதி போன்ற ஓர் ஊருக்கு இச்சங்கத்தின் பணிகளுள் எது மிகப் பயனுடையது என்று கேட்டால், விடை அதிகம் பேசப்படாத வேறொரு மாநாட்டில் கிடக்கின்றது. 1960களின் தொடக்கம் முதல், இச்சங்கமும் அதன் சகோதரச் சங்கமான நம்பகத்தன்மைச் சங்கமும் கூடி நடத்திவரும் சர்வதேச நம்பகத்தன்மைப் பௌதிகக் கருத்தரங்கில் முழுப்பொழுதும் ஆராயப்படுவது சாதனங்கள் கெடும் விதமே. வெற்றியைக் கொண்டாடுவதற்கு எத்துறையிலும் ஆள் கிடைக்கும். பழுதை மட்டும் ஆய்வதற்காக ஆண்டுதோறும் ஒரு மாநாட்டைக் கூட்டுவது பக்குவப்பட்ட தொழிலுக்கே இயலும்.

கரையோர வீடுகளில் அடிக்கடி கெடுவதாகிய எல்.ஈ.டி. குமிழை இங்கு எடுத்துக்கொள்ளலாம். பெட்டியில் 25,000 மணி நேரம் என்று அச்சிடப்பட்டிருக்க, இரண்டு மூன்று ஆண்டில் குமிழ் மினுங்கத் தொடங்கி அணைந்துவிடுவதைக் காண்போர் எல்.ஈ.டி.யையே குறைகூறுவர். திருத்துநர் குமிழின் வெண்ணிற மூடியைக் கழற்றிப் பார்க்கும்போது, ஒளிதரும் மஞ்சட் புள்ளிகள் பெரும்பாலும் நல்ல நிலையில் இருக்க, அடியில் உள்ள சிறு மின்வழங்கிச் சுற்றில் விரல்நுனியளவு உருளையான மின்பகுபொருட் கொள்ளளவி, கடைவழக்கில் கப்பாசிற்றர், தலை புடைத்து நிற்பது காணப்படும். ‘105 பாகை’ என்று அதன் உடலில் அச்சிட்டிருப்பது, அவ்வெப்பநிலையில் வழக்கமாக 2,000 மணி நேரம் என்றவாறான ஓர் ஆயுளைக் குறிக்கும். வெப்பநிலை 10 பாகை குறையும்தோறும் ஆயுள் ஏறத்தாழ இரட்டிக்கும் என்பது துறையினர் கைக்கொள்ளும் கணக்கு. எனவே மூடிய கூட்டுக்குள் 85 பாகை செல்சியஸில் வேகும் கொள்ளளவி ஏறத்தாழ 8,000 மணி நேரம் உழைக்கும்; இரவுக்கு ஆறு மணி நேரம் எரித்தால் அது நான்கு ஆண்டுக்கும் குறைவு. காற்றோட்டமில்லாத கண்ணாடிக் கூட்டுக்குள் குமிழைப் பூட்டுவோர் அந்தக் கணக்கைத் தம் கையாலேயே மேலும் சுருக்கிக்கொள்கின்றனர்.

வெப்பத்தோடு ஈரமும் சேரும்போது கணக்கு வேறாகின்றது. சில்லைச் சூழ்ந்த கறுப்பு எப்பொட்சிப் பூச்சு நீர் புகாதது போலத் தோன்றினும், நீராவி அதனூடு மெல்ல மெல்ல ஊடுருவி உள்ளே சேரும். சாதனமொன்றின் ஆயுள், காற்றின் சாரீரப்பதனின், அதாவது அவ்வெப்பநிலையில் காற்று கொள்ளக்கூடிய நீராவியில் உள்ளபடி இருப்பது எத்தனை வீதம் என்ற அளவின், ஏறத்தாழ மூன்றாம் அடுக்குக்கு நேர்மாறாக மாறும் என்று பெக் என்ற பொறியியலாளர் மேற்கூறிய கருத்தரங்கில் 1986இல் முன்வைத்த சூத்திரம் இன்றும் பயன்படுகின்றது. வெப்பநிலை மாறாதிருக்க, 60 வீதப் பதனில் ஐந்து ஆண்டு உழைக்கும் உறுப்பு 80 வீதப் பதனில் இரண்டு ஆண்டு சொச்சமே உழைக்கும் என்பது அச்சூத்திரத்தின் பொருள். இதனையே அடிப்படையாக்கி, 85 பாகை வெப்பத்திலும் 85 வீதப் பதனிலும் 1,000 மணி நேரம், அதாவது 42 நாள் அளவில், சாதனத்தைச் சோதனைப் பெட்டிக்குள் வதைத்து, பல ஆண்டுப் பாவனையை முன்கூட்டியே மதிப்பிடுவர். ஆயினும் அப்பெட்டிக்குள் இருப்பது தூய நீராவியே. கடலோரக் காற்றில் நீராவியோடு உப்பும் உண்டு என்பதால், பெட்டியில் தேறிய சாதனம் மணற்கரையில் தேறும் என்று துணிந்து கூற இயலாது.

உப்பின் செயல் இருவகைப்பட்டது. முதலாவதாக, அலை உடையும்போது எழும் நுண்திவலைகள் காற்றில் மிதந்து வந்து சுற்றுப்பலகைமீது படிந்து, இரவின் ஈரத்தில் கரைந்து, நேர்முனைக்கும் எதிர்முனைக்கும் இடையே மின்கடத்தும் மெல்லிய நீர்ப்படலமாகின்றன. அப்படலத்தினூடு செம்போ ஈயமோ வெள்ளியமோ ஒரு முனையில் கரைந்து மறுமுனையில் படியும்போது, உருப்பெருக்கியின் கீழ் பன்னம் இலை போலக் கிளைவிட்டு வளரும் உலோக இழைகள் தோன்றும். ஓரிழை மறுகரையைத் தொட்ட கணத்தில் சுற்று குறுக்கிணைகின்றது. பலவேளைகளில் அவ்விழை அந்த மின்னோட்டத்திலேயே எரிந்து அழிந்துவிடுவதால், சாதனம் ஒருநாள் கெட்டு மறுநாள் தானே சரியாகி, திருத்துநரிடம் கொண்டு சென்ற பொழுதில் எக்குறையும் காட்டாது நிற்கும். கரையோர ஊர்களின் திருத்தும் கடைகளில் கேட்கப்படும் ‘அங்க வேலை செய்யல்ல, இங்க வந்தா வேலை செய்யுது’ என்ற முறைப்பாட்டுக்குப் பின்னால் பலவேளை இந்த இழையே உள்ளது.

இரண்டாவது செயல் சில்லுக்குள்ளேயே நிகழ்வது. சில்லின் முனைகளைப் புறக்காலுடன் இணைக்கும் தலைமயிரினும் மெல்லிய கம்பி நெடுங்காலம் தங்கத்தாலானது. தங்கத்தின் விலை ஏறியபின் தொழிற்சாலைகள் பெருமளவில் செம்புக்கு மாறின. செம்பும் சில்லுமுனையின் அலுமினியமும் சேருமிடத்தில் உண்டாகும் கலப்புலோகப் படையை உப்பின் கூறான குளோரைட்டு அயன் எளிதில் அரிக்கும் என்பதை நம்பகத்தன்மை ஆய்வாளர் கண்டறிந்து, எப்பொட்சியிற் கலந்துள்ள குளோரைட்டின் அளவைக் குறைப்பதற்கும், செம்புக்குப் பலேடியப் பூச்சிடுவதற்கும் வழி வகுத்தனர். மலிவு விலையில் கரைக்கு வந்து சேரும் ஒவ்வொரு பொருளிலும் அத்தகைய கவனம் எடுக்கப்பட்டுள்ளதா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை.

பனல்களுக்கும் இது பொருந்தும். தொடராக இணைத்த பனல்களில் நூற்றுக்கணக்கான வோல்ற்று ஏறும்போது, கண்ணாடிமேல் உப்பீரம் படிந்திருந்தால், சட்டத்துக்கும் கலத்துக்கும் இடையே சிறு கசிவு மின் ஓடி, கண்ணாடியிலுள்ள சோடியம் அயன்களைக் கலத்தை நோக்கித் தள்ளி, வெளிப்பார்வைக்குத் தெரியாமலே மின்விளைவைக் குறைக்கும். சங்கத்தின் ஆதரவில் 1961 முதல் நடந்துவரும் ஒளிமின் நிபுணர் மாநாட்டில் இப்பழுது குறித்துப் பல கட்டுரைகள் வாசிக்கப்பட்டுள்ளன. உப்புப்புகைச் சோதனையில் தேறிய பனலுக்கெனத் தனிச் சர்வதேச நியமமும் உண்டு. பனல் வாங்கும் கரையோரக் குடும்பமொன்று விற்பனையாளரிடம் கேட்க வேண்டிய முதற் கேள்வி அந்தச் சான்றிதழைப் பற்றியதாக இருக்க, வழக்கத்தில் அது விலையைப் பற்றியதாகவும் தவணையைப் பற்றியதாகவுமே இருக்கின்றது.

கிளைகளும் விரிவுரையாளரும் பெட்டிகளும்

மாநாட்டு மண்டபத்தில் பேசப்படும் அறிவு ஊர்களை அடையும் வழி எது? இதற்குச் சங்கம் கண்ட வழி கிளை அமைப்பாகும். ஐ.ஈ.ஈ.ஈ. விதிப்படி ஒரு பிரதேசத்தில் இத்துறையைச் சேர்ந்த பன்னிரண்டு உறுப்பினர் கையொப்பமிட்டு வேண்டினால் அங்கு ஒரு கிளை தோன்றலாம். அவ்வாறு தோன்றிய கிளைகள் உலகெங்கும் 200க்கு மேல் உள்ளன. துறையில் தேர்ந்த சிலரைச் சிறப்பு விரிவுரையாளராக அறிவித்து, கிளை எதுவும் அவர்களை அழைக்கலாம் என்று சங்கம் ஏற்பாடு செய்துள்ளது. அத்தகையோர் சிலரை ஒரே நாளில் ஓரிடத்தில் பேசச் செய்வது சிறு கருத்தரங்கு எனப்படும். இத்துடன், மாணவருக்கான ஆய்வு உதவித்தொகை, காலாண்டுச் செய்திமடல், இணையவழி விரிவுரைகள், மூன்று ஆய்விதழ்கள் ஆகியனவும் உள. அவற்றுள் 1980இல் தொடங்கிய கடித வடிவ இதழின் முதல் ஆசிரியர், கமராக்களின் கண்ணாக அமைந்த ஒளியுணரிச் சில்லைக் கண்டமைக்காக 2009இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஜோர்ஜ் சிமித். 2013இல் தொடங்கியது எவரும் கட்டணமின்றிப் படிக்கக்கூடிய திறந்த இதழ்.

இந்தியாவில் இவ்வமைப்பு நன்கு வேரூன்றியுள்ளது. குறைகடத்திச் சாதனங்களின் பௌதிகம் குறித்த சர்வதேசப் பட்டறை 1981இலேயே தொடங்கிவிட்டது. ஆசியாவுக்கெனச் சங்கம் 2017இல் யப்பானில் ஆரம்பித்த சாதனத் தொழினுட்ப, உற்பத்தி மாநாடு 2024 மார்ச்சில் பெங்களூரில் கூடியது. தூய அறை எனப்படும், தூசி நீக்கிய காற்றில் சில்லு செய்யும் கூடம் இல்லாத சிறு கல்லூரிகளின் ஆய்வாளர், பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்துக்கும் மும்பை ஐ.ஐ.டி.க்கும் சென்று அங்குள்ள கூடங்களைப் பயன்படுத்த 2008 முதல் வழிசெய்த அரசுத் திட்டமும், கிளைகள் வளர்த்தெடுத்த தொடர்புகளும் ஒன்றையொன்று தாங்கின. சங்கத்தின் தலைமையையும் தமிழர் ஒருவர் வகித்துள்ளார்: நாசாவின் ஏம்ஸ் ஆய்வு நிலையத்தில் காபன் நனோக்குழாய்களால் வாயு உணரிகள் செய்வதில் முன்னின்ற மெய்யப்பன் மெய்யப்பன் 2020, 2021ஆம் ஆண்டுகளில் அதன் தலைவராக இருந்தார். இலங்கையில் பிறந்து பேராதனையில் பயின்ற சிவலிங்கம் சிவானந்தன், அமெரிக்காவின் இலினோய் பல்கலைக்கழகத்தில் அகச்சிவப்புக் கதிரை உணரும் சாதனங்களுக்கான பளிங்குகளை வளர்ப்பதில் பெயர்பெற்று, 2013இல் வெள்ளை மாளிகையின் பாராட்டைப் பெற்றவர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

கிளைகளின் ஆண்டறிக்கைகளைப் புரட்டுவோர் ஒன்றைக் கவனிப்பர்: பொன்னாடை, நினைவுச்சின்னம், வரிசையாக நின்றெடுத்த குழுப்படம் ஆகியவற்றுக்கு ஒதுக்கப்படும் இடம் விரிவுரையின் உள்ளடக்கத்துக்கு ஒதுக்கப்படுவதில்லை. இது தெற்காசியாவுக்குப் பொதுவான நோய். எனினும் பாடசாலைகளை நோக்கிச் சங்கம் செய்த ஒரு பணி அந்நோய்க்குப் பெரும்பாலும் தப்பியது. பொறியியலாளரையும் ஆசிரியரையும் இணைக்கும் நோக்குடன், சட்டைப் பொத்தானைப் போல அழுத்திப் பூட்டக்கூடிய முனைகளைக் கொண்ட இருவாயி, திரான்சிற்றர், மின்மோட்டர், குமிழ் முதலியன அடங்கிய பெட்டிகளைச் சங்கம் தன் கிளைகளுக்கு வழங்க, கிளை உறுப்பினர் அவற்றைப் பாடசாலைகளுக்கு எடுத்துச் சென்று செய்து காட்டினர். பற்றாசு தேவையில்லை, தவறாகப் பூட்டினால் பெரிய தீங்குமில்லை; பன்னிரண்டு வயதுப் பிள்ளை அரை மணி நேரத்தில் இருளில் தானே எரியும் விளக்கொன்றை அமைத்துவிடும்.

எழுவான்கரையின் கணக்கு

மட்டக்களப்பில் இவ்வகை முயற்சிக்கு நிலம் பண்படாமல் இல்லை. வாவிக்குக் கிழக்கே கடலோரமாக நீளும் இந்த எழுவான்கரையிலேயே, 1892இல் காரைதீவில் பிறந்து இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்ற சுவாமி விபுலானந்தர் 1929இல் கல்லடியில் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவினார். யாழ் நூலின் ஆசிரியராகவே நினைக்கப்படும் அவர், கல்லூரிகளில் விஞ்ஞானம் கற்பித்தவர் என்பதும், 1930களின் நடுப்பகுதியில் சென்னையில் கூடிய கலைச்சொல்லாக்கக் குழுவுக்குத் தலைமை தாங்கியவர் என்பதும் பலர் மறந்துவிட்ட பக்கம். இன்று சாதாரண தரத்தில் ‘வடிவமைப்பும் மின், இலத்திரனியல் தொழினுட்பவியலும்’ என்ற பாடம் உண்டு. உயர்தரப் பௌதிகவியலில் இலத்திரனியல் ஓர் அலகாகவே உள்ளது. 2013இல் உயர்தரத்துக்குத் தொழினுட்பப் பிரிவும் வந்துசேர்ந்தது. தெற்கே ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும், வந்தாறுமூலையில் கிழக்குப் பல்கலைக்கழகமும், ஆரையம்பதிக்கு அண்மையில் தாழங்குடாவில் தேசிய கல்வியியற் கல்லூரியும் இயங்குகின்றன. தாழங்குடாவில் பயிலும் ஆசிரியர் ஒருவர் மேற்கூறிய பெட்டியைக் கையாளப் பழகிவிட்டால், அவர் நியமனம் பெற்றுச் செல்லும் பாடசாலை ஒவ்வொன்றுக்கும் அப்பழக்கமும் உடன் செல்லும் என்பதால், பெட்டிகளைப் பத்துப் பாடசாலைகளுக்குப் பகிர்வதைக் காட்டிலும் அக்கல்லூரிக்கு அளிப்பது கூடிய பயன்தரும்.

தடைகளும் வெளிப்படையானவை. உறுப்பினர் சந்தா டொலரில் அறவிடப்படுகின்றது. 2022இல் ரூபாயின் பெறுமதி சரிந்தபின் அது ஓர் இளம் பொறியியலாளரின் சம்பளத்தில் சிறிய பங்கன்று. பழைய ஆய்விதழ்களின் பெரும்பகுதி கட்டணத் திரைக்குப் பின்னால் உள்ளது. விரிவுரைகள் ஆங்கிலத்தில் நிகழ்கின்றன; இலங்கையில் ஐ.ஈ.ஈ.ஈ.யின் நிகழ்ச்சிகளோ பெரும்பாலும் கொழும்பையும் மொறட்டுவையையும் பேராதனையையும் சுற்றியே அமைகின்றன. இவற்றினும் பெரிய இடைவெளி, பட்டம் பெற்ற பொறியியலாளருக்கும் திருத்தும் மேசையில் இருப்பவருக்கும் இடைப்பட்டது. 2022இன் இறக்குமதிக் கட்டுப்பாடுகளும் நீண்ட மின்வெட்டுகளும் புதுப்பொருள் வாங்கும் வழியை அடைத்தபோது, நாட்டின் மின்சாதனங்களை உயிரோடு வைத்திருந்தவர் இந்தத் திருத்துநரே. உப்பேறிய பலகையை ஐசோபுரொப்பைல் அற்ககோலில் தோய்த்துத் தூரிகையால் தேய்த்துக் கழுவுவதும், உலர்த்தியபின் காப்புப் பூச்சிடுவதும் அவருக்குக் கைவந்தவை. எந்தப் பொருளில் எந்த உறுப்பு எத்தனை மாதத்தில் போகின்றது என்பதைக் கணக்கின்றியே அவர் அறிவார். நம்பகத்தன்மை ஆய்வாளர் பெரும் பணம் செலவிட்டுத் திரட்டும் கள அனுபவம் அதுவே. அதனை எழுதிவைப்பதற்கு ஒரு பதிவேடும், வாசித்து அறிவதற்கு ஓர் ஆளும் இல்லாதிருப்பதே குறை.

ஆதலால் இக்கரை சங்கத்திடமிருந்து பெறுவதோடு நில்லாமல் சங்கத்துக்கு ஒன்றைத் தரவும் கூடும். சாதனங்களைச் சோதிக்கும் ஆய்வகங்கள் பலவும் குளிர்ந்த அல்லது உலர்ந்த நாடுகளில் உள்ளன. வெப்பமும் ஈரமும் உப்பும் ஆண்டு முழுதும் ஒருங்கே கிடைக்கும் இடம் அவர்களுக்கு அரிது. அத்தகைய ஓரிடத்தின் காற்றை அளப்பதற்குப் பெருங்கூடம் வேண்டியதில்லை. ஈர மெழுகுதிரி முறை என வழங்கும் சர்வதேச நியம முறையில், ஒரு குழாயைச் சுற்றி மருத்துவத் துணிவலையைச் சுருட்டி, அதன் நுனி கிளிசரோல் கலந்த நீருள்ள குடுவையில் தோயுமாறு வைத்து, மழை படாத சிறு கூரையின்கீழ் 30 நாள் காற்றில் விட்டு, பின்னர் அந்நீரில் சேர்ந்த குளோரைட்டை வெள்ளி நைத்திரேற்றினால் நியமித்து அளப்பர். உயர்தர இரசாயனவியல் ஆய்வுகூடம் உள்ள பாடசாலை எதுவும் இதனைச் செய்யலாம். சதுர மீற்றருக்கு ஒரு நாளில் படியும் குளோரைட்டு 3 மில்லிகிராமுக்கு மேற்படாவிடின் அவ்விடம் உப்பற்றது; 300க்கு மேற்பட்டால் மிகக் கடுமையான வகுப்பில் அடங்கும். அருகில் ஒரு செப்புத் தகட்டையும் 30 நாள் தொங்கவிட்டு, அதன்மேல் படர்ந்த அரிப்பின் தடிப்பை அளந்தால், இலத்திரனியற் கருவிகளுக்கு அவ்விடம் எவ்வளவு கொடியது என்பதையும் வகைப்படுத்தலாம்.

கடற்கரை, கல்முனை வீதியோரம், வாவிக்கரை என்று குறுக்குவெட்டாக மூன்று இடங்களில் ஒரே மாதிரியான குடுவைகளை வைத்தால், உப்பு கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் தணிகின்றது என்பதும், உவர்நீர் வாவி அதனுடன் தன் பங்கைச் சேர்க்கின்றதா என்பதும் தெரியவரும். பனல் பொருத்துவோருக்கும் இன்வேர்ட்டரை எந்தச் சுவரில் மாட்டுவது என்று தீர்மானிப்போருக்கும் உடனே பயன்படும் விடயம் இது. ஒருமாத அளவீடு இங்கு போதாது. வாடை கடலிலிருந்து வீசும் மாதங்களில் உப்பு வந்து படிந்தாலும், பெருமழை அதனிற் பெரும்பகுதியைக் கழுவிவிடும். வைகாசி முதல் வாவிக்கு மேலாக வீசும் கச்சான் காற்று வறண்டதாயினும், அக்காலத்தில் படிந்தது கழுவப்படாமலே தங்கி, பின்மாலைக் கடற்காற்றின் ஈரத்தில் மீண்டும் கரையும். இவ்விரு காலங்களுள் எது சாதனங்களுக்குக் கூடிய தீங்கு செய்கின்றது என்பதற்கு விடை காண, மூன்று குடுவைகளும் ஒரு செப்புத் தகட்டடுக்கும் குறைந்தது பன்னிரண்டு மாதமேனும் அங்கே நிற்க வேண்டும்.